நற்கருணை நேரத்துப் புங்கமரம்

கீரனூர்
10.2.2025

அன்புள்ள செல்வம்,

உங்களுக்குக் கடிதம் எழுதி இருபத்தேழு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன் எழுதியதோடு சரி. போனில் கேட்டால் நீங்கள் "அப்புறம் சொல்றேன் ரஞ்சனி" என்கிறீர்கள். நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். பிறகு நீங்கள் கூப்பிட்டபோது நான் இரண்டு முறை எடுக்கவில்லை. இப்படியே போனால் பிளெஸ்ஸியின் கல்யாணப் பந்தலில்தான் பேசிக்கொள்வோம்.

நடந்ததைச் சொல்கிறேன். கல்யாண ஓலை வாசிக்கப் பிளெஸ்ஸியின் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று பங்குக் கோயிலில் கேட்டார்கள். பீரோவின் மேல்தட்டில், உங்கள் பழைய மண் பரிசோதனை ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் தேடினேன். சான்றிதழ் கிடைத்தது. கூடவே ஒரு தட்டையான கறுப்புப் பை. உள்ளே நீலக்கரை வைத்த வெள்ளைத் தோல் ஏப்ரன், ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, மூலைமட்டமும் கவராயமும் அச்சிட்ட ஒரு தாள். தாளில் உங்கள் பெயர், வருடம் 2016. அடுப்படிப் பக்கம் வந்தால்கூட ஏப்ரன் கட்டாத மனிதருக்கு இது எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு தாளில் இருந்த சங்கத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். கல்தச்சர் கருவிகளைச் சின்னமாக வைத்துக் கதவடைத்துக் கூடுகிறவர்களாம். ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்த கத்தோலிக்கர் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது என்று ரோமாபுரியின் உத்தரவு இருக்கிறதாம். அதைப் படித்ததும்தான் எனக்கு வேறொன்று புரிந்தது.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, நான் கோயிலுக்குள் வருவதில்லை. பிளெஸ்ஸி சின்னவளாக இருந்தபோது அவளை மறைக்கல்விக்குக் கொண்டுவந்து விட்டு, வளாகத்தில் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்துப் புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். ஒரு கிறிஸ்துமஸ் அன்று உங்களிடம், "நீங்கள்லாம் வரிசையில போகும்போது நான் பஸ்ஸை விட்டவ மாதிரி உக்காந்திருக்கேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அடுத்த ஜனவரியிலிருந்து, ஊருக்கு வருகிற ஞாயிறுகளில் எல்லாம், நற்கருணை நேரத்தில் நீங்கள் எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பத்து நிமிடம். பூசை முடியும் முன் திரும்பப் போவீர்கள். நான் காரணம் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். எனக்காக ஒருவர் தன் சாமியிடமே பத்து நிமிடம் விடுப்பு எடுத்து வருகிறார் என்று எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளெஸ்ஸி திருச்சிக்கு வேலைக்குப் போன பிறகும் நான் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தேன் என்று நீங்களும் கேட்டதில்லை.

ஏப்ரனைப் பற்றி உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். மரத்தடியைப் பற்றி உண்மையை எழுதுங்கள்.

சிவரஞ்சனி


சென்னை
17.2.2025

அன்பு ரஞ்சனிக்கு,

உன் கடிதம் ஆபீசுக்கு வந்துச்சு. கவர் மேல பொம்பளக் கையெழுத்தைப் பாத்துட்டு எங்க செக்சன் சேவுகன், "என்ன சார், வக்கீல் நோட்டீசா?"ன்னு கேட்டான். கிட்டத்தட்ட அதுதான்டான்னேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துல நான் முடிச்சூர்ல தரைத்தள ரூம்ல இருந்தேன்ல. உனக்குப் போன் கெடைக்காம மூணு நாள் நீ தவிச்ச. அப்ப என்னைப் படகுல வந்து கூட்டிட்டுப் போனவரு ரகுநாத். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வேலை விசயமாப் பாத்திருக்கேன். ஒன்பது நாள் அவரு வீட்டு மாடியில இருந்தேன். அங்க என்னோட ஒரு பாய் குடும்பம், ஒரு மார்வாடிப் பெரியவரு. சோறு ஆக்குறவங்க, துணி கொண்டாறவங்கன்னு வந்து போனவங்கள்ல பாதிப்பேரு ஒருத்தருக்கொருத்தர் பிரதர்னு கூப்பிட்டுக்கிட்டாங்க. இவங்க யாருன்னு நானாத்தான் கேட்டேன். அவங்க யாரையும் வான்னு கூப்பிட மாட்டாங்க. நாமதான் கேக்கணும். ஆறு மாசம் கழிச்சு நானே கேட்டுச் சேந்தேன்.

உள்ள என்ன நடக்குதுன்னா, நீ நெனைக்கிற அளவுக்கு ஒண்ணுமில்ல. மேசை மேல பைபிள், கீதை, குர்ஆன் மூணும் இருக்கும். மதத்தப் பத்தியும் அரசியலப் பத்தியும் பேசக்கூடாது. இந்த ஊர்ல அது ரெண்டையும் பேசாத ஒரே கூட்டம் அதுதான். கொஞ்சம் நாடகம் மாதிரி இருக்கும், அத ஒத்துக்குறேன். எனக்கு அது புடிச்சிருந்துச்சு. நாள் முழுக்க மண்ணை நோண்டி இது தாங்குமா தாங்காதான்னு பாக்குற எனக்கு, மனுசனும் தன்னைச் செதுக்கிச் சதுரமாக்கிக்கணும்னு ஒருத்தர் சொன்னா வேற எப்படி இருக்கும்?

நற்கருணை விசயம் சேரும்போது தெரியாது. அந்த டிசம்பர்ல ஒரு தியானத்துல பிரசங்கியார் போற போக்குல சொன்னாரு. அன்னைக்கே நிறுத்திட்டேன். சங்கத்தையும் விட மனசில்ல, சபையை ஏமாத்தவும் மனசில்ல. ரெண்டுலயும் உண்மையா இருக்கணும்னா பட்டினி கெடக்குறதுதான் வழின்னு பட்டுச்சு.

உங்கிட்டச் சொல்லாததுக்குக் காரணம் வெக்கம். நீ சிரிப்ப. என் சாமியப் பாத்தே லேசாச் சிரிக்கிறவ நீ, ஏப்ரனைப் பாத்தா விடுவியா?

சாப்பிடு. மாத்திரை போடு.

செல்வம்


கீரனூர்
3.3.2025

அன்புள்ள செல்வம்,

நான் சிரிக்கவில்லை. உங்கள் சாமியைப் பார்த்தும் நான் சிரித்ததில்லை. புருவத்தைத் தூக்கியிருப்பேன். அது என் முகத்தின் அமைப்பு.

மரத்தடியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கேள்வியை விட்டுவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

இப்போது நிலைமையைக் கேளுங்கள். பிளெஸ்ஸி போன வாரம் வந்திருந்தாள். கல்யாணப் பூசையில் அவளும் மாப்பிள்ளை செம்மலும் நற்கருணை வாங்கும்போது அப்பாவும் பக்கத்தில் நின்று வாங்க வேண்டுமாம். "நான் கேக்குற ஒரே சீர் அதுதாம்மா" என்றாள். சொல்லும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

சனிக்கிழமை ஃபாதர் ஞானமணியைப் பார்க்கப் போனேன். என் நண்பர் ஒருவருக்காகக் கேட்பதாகத்தான் ஆரம்பித்தேன்.

"கேளுங்க டீச்சர்."

"ஒரு கத்தோலிக்கர் ஃப்ரீமேசனா இருக்கலாமா?"

கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கூடாது. எண்பத்து மூணுலயே சொல்லிட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால ரோமாபுரியில மறுபடியும் சொன்னாங்க."

"கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களை அங்க சேக்கவே மாட்டாங்களாமே, ஃபாதர். பிறகென்ன?"

"சிக்கலே அதுதான். எந்தக் கடவுள்னு கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் பொருந்துற மாதிரி பொதுவா ஒரு பேரு வச்சிருப்பாங்க. இயேசு பேரைச் சொல்லி அங்க செபிக்க முடியாது. அவர் எங்களுக்குப் பத்துல ஒண்ணு இல்லையே."

"ரெண்டு மணி நேரம் அந்தப் பேரைச் சொல்லலைன்னா என்ன? உங்க பங்கு ஆளுங்க பஸ்சுல, ஆபீசுல நாள் பூரா சொல்லாமத்தான் இருக்காங்க."

"பஸ்சுல யாரும் பைபிள் மேல கையை வச்சுச் சத்தியம் பண்ணிட்டு ஏறுறதில்லையே டீச்சர்."

 நல்ல பதில் என்று சொன்னேன். சின்ன வயது, சந்தோஷப்பட்டார். பிறகு மெதுவாக, "அந்த நண்பர் நற்கருணை நேரத்துல புங்கமரத்தடிக்கு வருவாரா?" என்று கேட்டார்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மன்னிச்சிருங்க. நான் இந்தப் பங்குக்கு வந்தப்ப எங்கிட்டச் சொன்னது வேற. செல்வம் சார் தங்கமான மனுசன், பொண்டாட்டி இந்து, அந்தம்மாதான் நன்மைக்கு, நற்கருணைக்குப் போக விட மாட்டேங்குறாங்க, பூசை பாதியில வெளிய கூப்பிட்டு வச்சுக்குறாங்கன்னு சொன்னாங்க. நானும் அதை நம்பிட்டேன்."

ஸ்கூட்டியில் திரும்பி வரும்போதுதான் பிளெஸ்ஸியின் பார்வை புரிந்தது. என் மகளும் அதையேதான் நம்புகிறாள். ஊருக்கே தெரிந்த ஒரு குற்றத்தை எட்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு மட்டும் தெரியாது.

உங்கள் சங்கத்தின் சட்டத்தையும் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இடமில்லை. பெண்களுக்கும் இடமில்லை. கோயிலிலாவது நான் ஒருநாள் மனம் மாறினால் உள்ளே விடுவார்கள்.

ரஞ்சனி


சென்னை
10.3.2025

ரஞ்சனி,

உன் கடிதத்த மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிக்கையில பஸ்சுல நின்னுக்கிட்டிருந்தேன், எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டேன்.

உன் மேல பழி விழுந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. இல்ல, அது முழுசும் உண்மையில்ல. போன வருசம் கோயில்ல பக்கத்துப் பெஞ்சுச் சின்னப்பிள்ளை அண்ணன் எங்கிட்ட, "வீட்டம்மாவுக்குப் பயந்து எத்தனை நாளைக்குய்யா?"ன்னு கேட்டுச்சு. சிரிச்சிட்டு வந்துட்டேன். வேற காரணம் சொல்லாமத் தப்பிச்சா போதும்னு இருந்துச்சு. அத இப்ப எழுதுறப்ப கையெழுத்தே கோணுது.

பிளெஸ்ஸி கேட்டதக் குடுக்கணும். அதுல ரெண்டு பேச்சில்ல. சங்கத்த விடுறது சுலபம், செயலாளருக்கு நாலு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுச்சு. அது இல்ல என் பிரச்சினை. மறுபடி நன்மை வாங்கணும்னா முதல்ல ஃபாதர்கிட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். செஞ்சதுக்கு மனசு வருந்தணும். என்னத்தச் சொல்லி வருந்துறது? தண்ணியில நின்னவன ஏத்தி ஒன்பது நாள் சோறு போட்டவங்களோட உக்காந்தது பாவம்னு என் வாய் சொல்லலாம். மனசு சொல்லாது. மனசு சொல்லாதத அந்தக் கூண்டுல முழங்கால் போட்டுச் சொல்லிட்டு, மக பக்கத்துல நின்னு வாங்குனா, இத்தன வருசம் பட்டினி கெடந்ததுக்கே அர்த்தமில்லாமப் போயிரும்.

இது உனக்கு வேடிக்கையா இருக்கும். எனக்கு இதுதான் முதுகெலும்பு.

மரத்தடிக் கேள்விக்குப் பதில் இருக்கு. இப்ப எழுதுனா உன்னைச் சமாதானம் பண்ண எழுதுன மாதிரி ஆயிரும். கொஞ்சம் பொறு.

செல்வம்


கீரனூர்
19.3.2025

அன்புள்ள செல்வம்,

வேடிக்கையாக இல்லை.

அந்த அப்பத்தில் எனக்கு மாவும் தண்ணீரும்தான் தெரிகிறது. உங்களுக்கு அதில் எல்லாமே இருக்கிறது. அப்படி நினைக்கிற ஒருவர், தகுதியில்லாமல் தொடக்கூடாது என்று எட்டு வருடம் விலகி இருந்திருக்கிறார். வரிசையில் போய் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கண்காணிப்பாளர் இல்லாத தேர்வு அறையில் அப்படி ஒரு மாணவனைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தோடு சேர்த்து இதையும் எழுதிவைக்கிறேன்.

உங்கள் சிக்கலை நான்கு நாளாக யோசித்தேன். செய்முறை வகுப்பில் ஒரு பெண் பூவைப் பிரித்து வைத்துக்கொண்டு விழித்தாள். "தெரியாத பாகத்தை விடு, தெரிஞ்சதை முதல்ல வரைம்மா" என்றேன். சொன்ன பிறகு அதையே உங்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

சங்கத்தில் சேர்ந்ததற்கு உங்களுக்கு வருத்தம் இல்லை. சரி, அதை வருந்தாதீர்கள். சின்னப்பிள்ளை அண்ணனிடம் சிரித்துவிட்டு வந்ததற்கு வருத்தம் இருக்கிறதா? கையெழுத்து கோணியதாக எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் மறைத்ததற்கு? பீரோவில் ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் ஒளித்ததற்கு? உங்கள் சாமியாரிடம் உண்மையாகச் சொல்ல இவ்வளவு இருக்கும்போது, இல்லாத ஒன்றுக்கு ஏன் அலைகிறீர்கள்? சங்கத்தைப் பற்றி அவரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவர் ஏற்கிறாரா இல்லையா என்பது அவர் பாடு. உங்கள் சபை விதிகள் எனக்குத் தெரியாது. அந்தச் சின்ன வயது ஃபாதர் பதில் சொல்லத் தெரிந்தவர் என்று மட்டும் தெரியும்.

சங்கத்தை விடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். எனக்காக என்று ஒருமுறை தப்பாக நினைத்துப் பட்டது போதும். விட்டால் உங்கள் முடிவாக விடுங்கள். பிளெஸ்ஸியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நீங்கள் மறுபடி வரிசையில் போனால் மரத்தடிப் பத்து நிமிடம் எனக்குப் போய்விடும். காரணம் எதுவாக இருந்தாலும் அது என்னிடம் இருந்தது. அது போகும் என்று தெரிந்துதான் மேலே உள்ளதை எழுதியிருக்கிறேன்.

ரஞ்சனி


சென்னை
7.4.2025

என் ரஞ்சனிக்கு,

விட்டுட்டேன்.

ரகுநாத்த நேர்ல பாத்துக் கடிதத்தக் குடுத்தேன். கோவிச்சுக்குவாருன்னு நெனைச்சேன். படிச்சிட்டு, "செல்வம், முதல் நாளே உங்ககிட்ட என்ன சொன்னோம்? உங்க சாமிக்கும் வீட்டுக்கும் செய்ய வேண்டியது போகத்தான் இங்கன்னு சொன்னோம்ல? போய்ட்டு வாங்க"ன்னாரு. அப்புறம், "கல்யாணத்துக்கு நான் வரலாம்ல? அதுக்கும் தடையா?"ன்னு கேட்டாரு. வாங்கன்னுட்டேன். பந்தியில ஒரு எலை கூடப் போடணும்.

எதுக்காக விட்டேன்னு உனக்குத் தெளிவாச் சொல்லணும். அவங்க தப்பானவங்கன்னு விடல. ரெண்டு வீட்டுலயும் ஒரே நேரத்துல உக்கார முடியாதுன்னு ஒரு வீட்டுல சொல்லிட்டாங்க. அந்த வீட்டுலதான் நான் பொறந்தேன். காரணம் எனக்கு முழுசா வெளங்கல. கீழ்ப்படியிறேன், அவ்வளவுதான். ஃபாதர்கிட்டயும் இப்படியேதான் சொல்லப்போறேன். போதாதுன்னு அவரு சொன்னா, மக கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு உன் பக்கத்துல உக்காந்துக்குறேன்.

பிளெஸ்ஸிக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். முழுசும் கேட்டுக்கிட்டா. பெறகு, "இவ்வளவுதானாப்பா? நான் அம்மாவப் போட்டு மனசுக்குள்ள எத்தனை வருசமாத் திட்டிக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"ன்னு அழுதுட்டா. உனக்குப் போன் பண்ணியிருப்பாளே?

இப்ப மரத்தடி. முதல் ஞாயித்துக்கிழமை நான் உன்னைத் தேடி வரல. எல்லாரும் வரிசைக்குப் போகையில நான் மட்டும் உள்ள உக்காந்திருந்தா தெரிஞ்சிருமேன்னு ஒளிய எடம் தேடி வந்தேன். நீ பையை மடியில எடுத்து வச்சுக்கிட்டு எடம் விட்ட. ஒண்ணும் கேக்கல. அஞ்சாறு மாசம் ஒளியத்தான் வந்தேன். பெறகு ஒரு ஞாயிறு நீ காலேஜ் கேம்ப்னு கொடும்பாளூருக்குப் போயிட்ட. அன்னைக்கும் வெளிய வந்தேன். மரம் இருந்துச்சு, பெஞ்சு இருந்துச்சு, ஒளியறதுக்கு வேண்டியது அத்தனையும் இருந்துச்சு. எனக்கு உக்காரத் தோணல. கோயில் கேட்டு வரைக்கும் போயி ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு.

இதுக்கு எத்தனை மார்க்குன்னு எழுது.

செல்வம்


சென்னை
3.6.2025

ரஞ்சனிக்கு,

மக கல்யாணம் முடிஞ்சு திரும்ப இந்த ரூமுக்கு வந்தா, செவுத்துல பல்லி கூட அந்நியமா இருக்கு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி வந்தப்ப நீ வாசல்லயே நின்ன. ஃபாதர் என்ன சொன்னாருன்னு கேக்கல. என் பங்க நான் சொல்லலாம். நீ எழுதுன வரிசையிலயே சொன்னேன். சங்கத்துக்கு வருத்தம் வரல, கீழ்ப்படிஞ்சு வந்துட்டேன்னும் சொன்னேன்.  "கீழ்ப்படியறதுலயே பாதி மனவருத்தம் இருக்கு, மீதிய ஆண்டவரு பாத்துக்குவாரு. பழியச் சொமந்தவங்களுக்கு என்ன செய்யப் போறீங்க?"ன்னாரு. ஊர்ல எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்றேன்னேன்.

மறுநாள் பூசையில பிளெஸ்ஸி பக்கத்துல நின்னு வாங்குனேன். திரும்பி வரையில, மகளுக்காக உள்ள வந்திருந்த நீ முதல் பெஞ்சுல பட்டுச்சேலையோட நேரா உக்காந்திருந்த. உன் மூஞ்சியில புருவம் தூக்குனபடி இல்ல. அது போதும்.

ஆனா போன ஞாயித்துக்கிழமைக்கு நீ கணக்குச் சொல்லணும். வரிசையில போயி வாங்குனேன். எல்லாரும் எடத்துக்குப் போயி முழங்கால் போட்டாங்க, நான் நேரா வெளிய வந்துட்டேன். நீ என்னைப் பாத்துட்டு வாட்சைப் பாத்த. அப்புறம் பையை மடியில எடுத்து வச்ச. நன்மை வாயில கரையிற வரைக்கும் பேசக்கூடாதுன்னு சின்னதுலேருந்து பழக்கம் எனக்கு. அந்த நேரம் பாத்துக் கெபிக்குப் பூ விக்கிற மூக்காயி வந்து, "ஏந்தாயி வாத்தியாரம்மா, நீ நல்லாயிருப்ப! இப்பவாச்சும் மனசு எறங்கி மனுசன நன்மை வாங்க விட்டியே"ன்னுச்சு.

நான் வாயத் தொறக்க முடியாமக் கையத் தூக்குறேன். நீ என் கையப் புடிச்சு அமுக்கிட்டு, "ஆமாக்கா, மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சுல்ல, விட்டுட்டேன்"ங்குற! அது ஒரு மொழம் மல்லிய உன் மடியில போட்டுட்டு, "இனிமே மறிக்காத தாயி"ன்னு சொல்லிட்டுப் போகுது. கரைஞ்சு முடிஞ்சு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பூசையோட கடைசி ஆசீர்வாதத்துக்கு மணி அடிச்சிருச்சு.

ஏன் அப்படிச் சொன்ன? நான் ஃபாதருக்குக் குடுத்த வாக்கு என்னாகுறது?

அந்த ஏப்ரனை என்ன பண்ணலாம்னும் சொல்லு. ரகுநாத் திருப்பிக் கேக்கல.

செல்வம்


கீரனூர்
9.6.2025

அன்புள்ள செல்வம்,

மூக்காயி அக்காவுக்கு ஃப்ரீமேசன் என்றால் என்ன என்று விளக்க ஒரு செமஸ்டர் ஆகும். அதற்குள் பூ வாடிவிடும்.

அது முழுக் காரணம் இல்லை. ரகுநாத் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் கடைசி வரை இருந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தார். நான்தான் பரிமாறினேன். வெள்ளத்தில் எத்தனை பேரைப் படகில் ஏற்றினீர்கள் என்று கேட்டேன். "அது யாரு எண்ணுனாங்க, சாம்பார் ஊத்துங்க சிஸ்டர்" என்றார். அந்த மனிதரை ஊர் முன்னால் ஒரு பாவமாக ஆக்கி நான் நல்ல பெயர் வாங்க வேண்டாம். உண்மை தெரிய வேண்டியவர்கள் மூன்று பேர். பிளெஸ்ஸிக்குத் தெரியும், ஃபாதருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சின்னப்பிள்ளை அண்ணனிடம் மட்டும் போய்ச் சொல்லுங்கள். அவரிடம்தான் நீங்கள் சிரித்தீர்கள். ஃபாதருக்குக் கொடுத்த வாக்கில் மிச்சத்தை நான் தள்ளுபடி செய்கிறேன். பழி என்னுடையது, எனக்கு அந்த உரிமை உண்டு. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். "சட்டத்துல இடமிருக்கான்னு பாக்குறேன் டீச்சர்" என்று சிரித்தார்.

ஏப்ரனை வெயிலில் காட்டி மடித்துப் பழைய தட்டிலேயே வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டுகளுக்கு மேலே.

மதிப்பெண் கேட்டிருந்தீர்கள். கொடும்பாளூர் கேம்ப் அன்று நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதை எனக்கு எழுத எட்டு வருடம் ஆகியிருக்கிறது. தாமதத்துக்குக் கழித்துப் போட்டிருக்கிறேன். தேர்ச்சிதான்.

அன்று நான் வாட்சைப் பார்த்தது ஏன் என்று கேட்கவில்லை நீங்கள். நற்கருணைப் பாட்டு ஆரம்பித்ததும் கதவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்தபோது பத்தில் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மீதி ஆறு எனக்கு வந்தது.

வரும் ஞாயிறு வருகிறீர்கள்தானே? பெஞ்சில் இடம் இருக்கும். கரைந்த பிறகுதான் வர வேண்டும் என்றில்லை. வாயை மூடிக்கொண்டே வாருங்கள். பேச வேண்டியதில்லை.

ரஞ்சனி